கள்வனுக்கு இட்ட பூட்டு

வீட்டைக் காப்பதற்கென்று வளர்த்த நாய் வீட்டுக்காரனையே படலையில் மறித்தால் எப்படியிருக்கும்? அத்தகைய அனுபவமொன்று 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் எமக்கு வாய்த்தது. எம்மை மறித்தது நாயன்று. பெருவிரலளவேயான உருக்குத் துண்டு ஒன்று. கார்ச் சில்லைக் கள்வர் கழற்றிச் செல்லாதவாறு பூட்டப்பட்டிருந்த சுரை அது. 'நட்' என்று நாம் பேச்சில் வழங்குவதைத்தான் பாடநூல்கள் சுரை என்கின்றன. அச்சிறு பொருள் கற்பித்த பாடத்தை எமது வாசகக் குடும்பங்களோடு, சிறப்பாகப் பௌதிகம் பயிலும் மாணவர்களோடு, பகிர்ந்துகொள்ளல் பயனுடைத்து என எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

பூட்டுச் சுரை என்பது யாது?

கார்ச் சில்லு ஒன்றைச் சில்லுக் குடத்தோடு பிணைப்பவை நான்கு அல்லது ஐந்து ஆணிகளும் அவற்றின்மேல் முறுக்கப்படும் சுரைகளுமேயாம். சாதாரணச் சுரைக்கு ஆறு முகங்கள் உண்டு. கடையில் விற்கும் எந்த ஸ்பானரும், அளவு பொருந்தினால், அதனைக் கழற்றிவிடும். முற்காலத்து இரும்புச் சில்லுகளை எவரும் பெரிதும் விரும்பித் திருடியதில்லை. அலுமினியக் கலப்புலோகத்தாலான 'அலோய்' சில்லுகள் பரவி, அவற்றின் விலையும் ஏறியபோது, கள்வரின் கண் அவற்றின்மேல் விழுந்தது. அதற்கு மாற்றாக எழுந்ததே பூட்டுச் சுரை.

இதன் புறம் உருண்டையாகவிருக்கும். ஸ்பானர் பற்றுவதற்கு முகமே இராது. இதன் தலையில் வளைந்து நெளிந்த ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அப்பள்ளத்தினுள் சரியாகப் பொருந்தும் மேடு கொண்ட சிறு துண்டொன்று தனியே தரப்படும். அதுவே இதன் திறப்பு. திறப்பைச் சுரையிற் பொருத்தி, அதன்மேல் வழமையான ஸ்பானரை மாட்டித் திருப்பினாற்றான் சுரை கழலும். சில்லுக்கு ஒன்றாகக் காருக்கு நான்கு சுரைகள். நான்கிற்கும் திறப்பு ஒன்றே. அந்த ஒன்று தொலைந்தாலோ தேய்ந்தாலோ கள்வனுக்கும் உடையவனுக்கும் வேற்றுமை இல்லாது போய்விடும்.

எமது நாட்டில் இவ்வில்லங்கம் மிகுதற்கு ஒரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிற்றான் மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. யப்பானில் ஒருவர் பூட்டிய சுரையின் திறப்பு, மூன்றாவது உடையவரின் கைக்கு வரும்போது எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எமது காரும் அவ்வாறு வந்ததே. திறப்பு இருந்தது, ஆனால் அதன் மேடுகள் தேய்ந்து மழுங்கியிருந்ததை நாம் ஒருபோதும் கவனித்துப் பார்த்ததில்லை.

காட்டுவழியில் ஒரு மாலை

எமது தாயாருக்குக் கண்ணிற் சத்திர சிகிச்சை. பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த நாள். மறுநாட் காலை ஏழு மணிக்குக் கொழும்பில் நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பிற்பகலிற் புறப்பட்டு, கண்டி வீதியால் மாங்குளத்தைக் கடந்து, கனகராயன்குளத்தை அணுகுகையில், பின்பக்க இடது சில்லு காற்றுப் போயிற்று. மணி நான்கரை இருக்கும். இருமருங்கும் காடு.

மாற்றுச் சில்லு நல்ல நிலையில் இருந்தது. கால் மணி நேர வேலை என்று தாயாருக்குத் தைரியம் சொல்லிவிட்டு இறங்கினோம். மூன்று சுரைகளைத் தளர்த்திக் கழற்றினோம். காரை ஜக்கில் உயர்த்தினோம். எஞ்சியிருந்தது பூட்டுச் சுரை ஒன்றே. திறப்பைப் பொருத்தித் திருப்பினோம், அசையவில்லை. இன்னும் வலுவாகத் திருப்பினோம், அசையவில்லை. இங்கேதான் நாம் அறிவிழந்தோம். ஸ்பானரின் நுனியிற் காலை ஊன்றி, உடற்பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினோம். ஜக்கின்மேல் நின்ற கார் ஆடிற்று. 'கிறீச்' என்ற ஓசையுடன் ஸ்பானர் வழுக்கிற்று. குனிந்து பார்த்தபோது திறப்பின் மேடுகளுட் பாதி சிதைந்திருந்தது. சுரையின் பள்ளமும் மழுங்கிப்போயிருந்தது.

தாயார் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"கள்ளன் கழட்டக்கூடாதெண்டு போட்டது, இப்ப உடையவனுக்கே கழருதில்லையே, தம்பி?"

எமக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை.

கற்பித்த பாடமும் கல்லாத பாடமும்

விசையின் திருப்பம் என்ற பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவர் நாம். அதன்படி அன்று நாம் செய்தது என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

ரொயோற்றா சிறு கார்கள் பலவற்றின் சில்லுச் சுரைகளை 103 நியூற்றன் மீற்றர் திருப்பத்துக்கு இறுக்கவேண்டும் என்பது தயாரித்தோர் விதி. ஹொண்டா கார்கள் பலவற்றுக்கு அது 108 ஆகும். 35 சதமமீற்றர் நீளமான ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 30 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாகக் கையால் அழுத்தினால் 103 நியூற்றன் மீற்றர் கிடைத்துவிடும். நடுத்தர வலுவுள்ள ஒருவரின் கைக்கு இது போதியது. எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஆசிரியர் ஒருவர் அதே நுனியில் ஏறி நின்றால் உண்டாகும் திருப்பம் ஏறத்தாழ 240 நியூற்றன் மீற்றர். விதித்த அளவின் இருமடங்கினும் மேல்! தேய்ந்த திறப்பொன்று அதனை எவ்வாறு தாங்கும்?

அப்படியாயின் சுரை ஏன் கழலவில்லை? அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, அளவுக்கு மிஞ்சிய இறுக்கம். ரயர்க் கடைகளிற் காற்றமுக்கத்தால் இயங்கும் 'எயார் கண்' என்னும் கருவியாற் சுரைகளை ஒரு நொடியில் இறுக்கிவிடுகிறார்கள். விதித்த அளவைப் பன்மடங்கு கடக்க அதற்குச் சில வினாடிகளே போதும். அன்றியும் அது தட்டித் தட்டிச் சுழற்றுவது. அத்தட்டுகள் ஒவ்வொன்றும் பூட்டுச் சுரையின் மெல்லிய பள்ளத்தையும் திறப்பின் மேட்டையும் சிறிது சிறிதாகத் தின்னும். பூட்டுச் சுரைக்கு எயார் கண் ஆகாது என்பது இதனாலேயே.

இரண்டாவது, துரு. ஆணியின் புரிகளுக்கிடையே நீர் புகுந்தால் இரும்பு துருவாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பிலும் பார்க்க இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தைக் கேட்கும். நெருங்கிய புரிகளுக்கிடையே அவ்விடம் எங்கே உள்ளது? ஆகவே அது ஆப்புப் போல இறுகுகிறது. அலோய் சில்லில் உருக்கும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருப்பதால், உப்பு நீர் படும்போது இரு உலோகங்களுக்குமிடையே மின்னிரசாயன அரிப்பும் நிகழ்கிறது. கடற்காற்றுப் படும் எமது குடாநாட்டில் இதனைச் சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவது, பாரம். நான்கு சுரைகள் பங்கிட்டுக்கொண்ட வேலையை, மூன்றை நாம் கழற்றியதும், நான்காவது தனியே சுமந்தது. சுரையை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முயற்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உராய்வை வெல்வதிலேயே கழிகிறது என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. எஞ்சிய ஒரு பங்குதான் ஆணியை இழுத்துச் சில்லை நெருக்கிப் பிடிக்கிறது. சுரையின் அடிப்பாகம் சில்லை எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவு உராய்வும் கூடும். தனித்து நின்ற சுரைக்கு நெருக்குதல் அதிகம். அதனால் உராய்வும் அதிகம். இக்கடைசிக் காரணத்தை நாம் எமது புத்தகத்திலிருந்து கற்கவில்லை. கனகராயன்குளத்திலிருந்து மோட்டார்ச் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவரிடமே கற்றோம்.

இளைஞரின் கைத்திறன்

அவ்வழியால் வந்த லொறிச் சாரதி ஒருவர் நிறுத்தி விசாரித்தார். "சுட்டுக் கழட்டலாம், கராச்சில காஸ் இருக்கும்," என்று யோசனை சொல்லி, வழியிலுள்ள திருத்தகமொன்றில் அறிவிப்பதாக வாக்களித்துச் சென்றார். வாக்குத் தவறவில்லை. முக்கால் மணி நேரத்தில், பையொன்றிற் கருவிகளுடன், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். சுரையை விரலாற் தடவிப் பார்த்தார். திறப்பை வெளிச்சத்திற் திருப்பிப் பார்த்தார். பின்னர் அவர் சொன்ன முதல் வார்த்தை எம்மைத் திகைக்கச் செய்தது.

"சேர், முதல்ல ஜக்கை இறக்குவம். கழட்டின மூண்டு நட்டையும் திரும்பப் போட்டு இறுக்குவம்."

"தம்பி, கழட்டத்தானே வந்தனீர்? ஏன் இறுக்கிறீர்?"

"மற்ற மூண்டும் பாரத்தை எடுத்தால்தான் சேர் இது இளகும்."

நிலத்தில் இறங்கிய சில்லில் மூன்று சுரைகளும் மீண்டும் இறுகின. காட்டுத் தைலம் போல் மணந்த மென்மையான ஊடுருவும் எண்ணெயைச் சுரையின் அடியிலும் ஆணியின் நுனியிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். இருபது நிமிடம் பொறுக்கவேண்டும் என்றார். தாயாரோ நேரத்தைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். நாம், லொறிச் சாரதி சொன்னதை நினைத்து, "காஸ் விளக்கால் சுட்டாற் சுறுக்காகக் கழலாதா?" என்று கேட்டோம்.

"வேண்டாம் சேர். ரயர் கிடக்கேக்க சில்லைச் சுடக்கூடாது."

"காற்றுத்தான் போய்விட்டதே?"

"காத்துப் போனாலும் உள்ளுக்கு றப்பர் இருக்குத்தானே?"

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பிணைத்த ரயருள்ள சில்லை வெப்பமாக்கினால், உள்ளேயுள்ள இறப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளியிடும். அவை தீப்பற்றி ரயர் குண்டு போல வெடிக்கும். உலகின் பல பாகங்களிலும் இதனாற் தொழிலாளர் உயிரிழந்திருக்கின்றனர். அன்றியும் அலோய் சில்லின் வலிமை, அதனை ஆக்கும்போது அளந்து கொடுத்த வெப்பப் பதத்தினால் வந்தது. கண்டபடி சுட்டால் அப்பதம் கெட்டு, வெளிக்குத் தெரியாமலே உலோகம் மெலியும். அருகிலுள்ள நிறுத்துகருவியின் இறப்பர்க் குழாயும் குடத்தினுள்ளிருக்கும் கிறீஸும் பழுதுபடும். அவசரத்திற் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் இணங்கியிருந்தால், காரினுள் இருந்த தாயாரின் கதி என்ன என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

இருபது நிமிடம் கழிந்தது. பையிலிருந்து பன்னிரண்டு மூலைகள் கொண்ட பழைய சொக்கற் ஒன்றை எடுத்தார். அதன் வாய், சுரையின் புறத்திலும் பார்க்கச் சற்றே சிறியது. அதனைச் சுரையின்மேல் நேராக வைத்து, கனத்த சுத்தியலால் அடித்தார். காரைத் தாங்கும் குடத்தைப் பாதிக்காதவாறு, வெறிகொண்ட அடியாக அன்றி, அளவான அடியாக ஏழெட்டு. சொக்கற்றின் மூலைகள் சுரையின் உடலிற் பதிந்து பிடித்துக்கொண்டன. அவ்வடிகளின் அதிர்விற் புரிகளுக்கிடையேயிருந்த துருவும் உடைந்திருக்கும். பின்னர் நீண்ட கைபிடி ஒன்றை மாட்டி, ஒரு கையாற் சொக்கற் சரியாதவாறு பிடித்தபடி, மறு கையால் மெல்ல மெல்ல அழுத்தினார். குதிக்கவில்லை, உதைக்கவில்லை. 'டக்' என்றது. சுரை இளகிற்று.

அதன்பின் எஞ்சியது பத்து நிமிட வேலையே. சொக்கற்றினுள் இறுகிக்கொண்ட சுரையைப் பின்புறமாக இரும்புக் கம்பி விட்டு அடித்து வெளியேற்றினார். ஆணியின் புரியைக் கம்பித் தூரிகையாற் சுத்தஞ்செய்தார். பழைய பாற்பேணி ஒன்றிலிருந்து சாதாரணச் சுரையொன்றைத் தேடியெடுத்து, முதலில் விரலால் மாத்திரம் முறுக்கிப் பார்த்தார். ஆணி 12 மில்லிமீற்றர் என்ற அளவிற் பல கார்கள் ஒத்திருப்பினும், புரியின் இடைவெளி சிலவற்றில் 1.5 மில்லிமீற்றர், சிலவற்றில் 1.25 மில்லிமீற்றர். மாறிப் போட்டு ஸ்பானரால் வலிந்து இறுக்கினால் ஆணியே அழியும். விரலாற் தடையின்றி ஏறுவதுதான் சரியான சுரை. அடிப்பாகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் சில்லின் குழியோடு ஒத்திருத்தல் வேண்டும்.

வேறு வழிகள்

எல்லாப் பூட்டுச் சுரைகளும் ஒரே வகையின அல்ல. ஆதலின் எல்லாவற்றுக்கும் மருந்தும் ஒன்றன்று. முறையாகச் செய்ய விரும்புவோர் கீழ்க்காணும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

திறப்புத் தொலைந்தது என்று முடிவு கட்டுமுன் நன்கு தேடுக. மாற்றுச் சில்லின் கீழும், ஜக் வைக்கும் குழியிலும், முன்னிருக்கையின் எதிரேயுள்ள பெட்டியிலும் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். திறப்பின்மேலோ அதனுடன் வந்த அட்டையிலோ குறியீட்டெண் இருந்தால், அதனைக் கொண்டு தயாரித்தோரிடம் அல்லது முகவரிடம் புதுத் திறப்புப் பெறலாம். பெரிய திருத்தகங்கள் சிலவற்றிற் பலவகைத் திறப்புகள் அடங்கிய தொகுதியும் உண்டு. பொறுமை உள்ளவருக்குச் சேதமற்ற வழி இதுவே.

சுரையின் பள்ளம் அழிந்துவிட்டால், அதற்கென்றே செய்த கழற்றிச் சொக்கற்றுகள் உள. அவற்றின் உட்புறத்தில் எதிர்த்திசையிற் சுருண்டு செல்லும் கூரிய வரிகள் உண்டு. இடஞ்சுழியாகத் திருப்பத் திருப்ப அவ்வரிகள் சுரையை மேன்மேலும் கவ்விப் பிடிக்கும். இளைஞரின் பழைய சொக்கற் செய்த வேலையை இவை செம்மையாகச் செய்யும்.

சில சுரைகளின் புறத்தே தனியாகச் சுழலும் வளையமொன்று இருக்கும். கள்வன் பற்றினால் வளையம் மாத்திரம் வீணே சுற்றும். அத்தகையவற்றில் முதலில் வளையத்தை வெட்டிரும்பால் உடைத்து நீக்கியபின்னரே சுரையைப் பற்றலாம். எவ்வகையாலும் இயலாதபோது, தேர்ந்த தொழிலாளர் சுரையைத் துளைத்தெடுப்பர். கடினமாகப் பதஞ்செய்த உருக்காதலின் இது மெதுவான வேலை. ஆணியையும் மாற்ற நேரிடலாம். சுரையின்மேல் வேறொரு சுரையை 'வெல்டிங்' செய்து கழற்றுவாரும் உளர். ரயர் பிணைந்த சில்லில் அதுவும் நெருப்பு வேலையே என்பதை மறத்தலாகாது. சுத்தியல் வேலை செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிதலும் கட்டாயம். பதமேறிய உருக்குச் சிராய்த் தெறிக்கும்.

வீட்டார் செய்யத்தக்கன

பூட்டுச் சுரையைக் கழற்றும்போது முதலிலும், பூட்டும்போது இறுதியிலும் கையாள்க. காரை உயர்த்துமுன், சில்லு நிலத்தில் நிற்கும்போதே, சுரைகள் எல்லாவற்றையும் தளர்த்திக்கொள்க. திறப்பு முற்றாகப் பதிந்ததா என்று பார்த்தபின்னரே பலம் கொடுக்க. ஸ்பானரின்மேல் ஏறி நிற்றல் ஒருபோதும் ஆகாது. ரயர்க் கடையில் எயார் கண்ணை எடுத்தால், பூட்டுச் சுரையைக் கையால் இறுக்குமாறு தயங்காது சொல்லுக. வேலை முடிந்ததும் திறப்பைக் கேட்டு வாங்குக. எமது திறப்பும் சுரையும் அவ்வாறு கேளாதிருந்தமையாலேயே தேய்ந்தன என்பது எமது துணிபு. அத்தவறு கடைக்காரருடையது மாத்திரமன்று.

துருவுக்கு அஞ்சிப் புரிகளில் எண்ணெய் பூசலாமோ எனிற் கூடாது. கழற்றும்போது இடும் எண்ணெய் வேறு. பூட்டும்போது புரி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கவேண்டும் என்பதே பெரும்பாலான தயாரிப்பாளரின் விதி. எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே திருப்பத்துக்கு ஆணி மிகையாக இழுபடும். சில்லு மாற்றி ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் சுரைகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தலும் நன்று.

அன்றிரவு வவுனியாவிற் காற்றுப் போன ரயரை ஒட்டுவித்துக்கொண்டு, நள்ளிரவு கடந்து கொழும்பை அடைந்தோம். காலை ஏழு மணிக்குத் தாயார் உரிய இடத்தில் இருந்தார். சிகிச்சை நன்கு முடிந்தது. எஞ்சிய மூன்று பூட்டுச் சுரைகளையும் கொழும்பிலேயே கழற்றிச் சொக்கற்றினாற் களைவித்துச் சாதாரணச் சுரைகளை இட்டோம். விலையுயர்ந்த சில்லு உடையோர் பூட்டுச் சுரையை வைத்திருக்கட்டும். எமது சில்லுக்கு அத்துணைப் பெருமை இல்லை.

அவ்விளைஞர் கேட்ட கூலி மிகச் சிறிது. கூடக் கொடுத்ததை வாங்க மறுத்து, "அம்மாவைக் கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ சேர்," என்று மாத்திரம் சொன்னார். எமது வகுப்பிற் திருப்பம் பற்றிய பாடம் வரும்போது இப்பொழுது கரும்பலகைக் கணக்கோடு நிறுத்துவதில்லை. தேய்ந்த அத்திறப்பை மேசையில் வைத்து, மாணவர் ஒவ்வொருவரும் கையில் எடுத்துப் பார்க்கச் செய்கிறோம்.

வாசகர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே.  உங்கள் காரின் பின்புறத்தைத் திறந்து, மாற்றுச் சில்லிற் காற்று உண்டா, ஜக் உண்டா, பூட்டுச் சுரை இருப்பின் அதன் திறப்பு உண்டா, அது தேயாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முற்றத்திற் செலவிடும் ஐந்து நிமிடம், காட்டு வழியிற் செலவாகும் ஐந்து மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.